குட்டி ஹைட்ரோலிக் ட்ரக்டருக்கு டீசல் எஞ்சின்: ஏழு சனிக்கிழமை வேலை

கொழும்பு மட்டக்குளியில் மாமாவின் மரக்கன்று நர்சரியில் ஒரு குட்டி ட்ரக்டர் நிற்கிறது. நடுவில் மடங்கித் திரும்பும் உடல், முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் எஞ்சின். கிளட்சும் இல்லை, கியர்பெட்டியும் இல்லை. எஞ்சின் சுழற்றுவது ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய இரண்டு பம்புகளை மட்டும்தான். பெரிய பம்பு நான்கு சில்லிலும் இருக்கும் மோட்டார்களுக்கு ஒயில் அனுப்பும். சின்னது வாளியைத் தூக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பும். பெடலை மிதித்தால் பெரிய பம்புக்குள் ஒரு தட்டு சாயும். எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு ஒயில், அவ்வளவு வேகம். மறுபக்கம் சாய்ந்தால் பின்னோக்கிப் போகும். இந்த அமைப்பை முதன்முதலில் கழற்றிப் பார்த்த நாளிலிருந்தே எனக்கு இந்த மெஷினில் ஒரு பிடிப்பு.

பழைய எஞ்சின் காற்றில் குளிரும் 25 குதிரைவலு இரட்டைச் சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். அதைக் கொன்றது தும்புச்சோறு, அதாவது தேங்காய்த் தும்பின் தூள். நர்சரி முழுக்க அதுதான் பறக்கும். மேல் மூடியைக் கழற்றியபோது சிலிண்டரின் செதில்களுக்கு இடையில் மண்ணிறப் பலகைபோல் இறுகிக் கிடந்தது. காற்றுப் போக வழியில்லாமல் ஒரு சிலிண்டரின் ஹெட் கஸ்கெட் எரிந்து, சிலிண்டர் சுவரிலும் ஆழமான கீறல். வெளியில் இருந்து பார்த்தால் மூடி பளபளவென்று சுத்தமாக இருந்தது. காற்றில் குளிரும் எஞ்சின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்த மூடியைக் கழற்றிப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை.

பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் இரண்டு சனிக்கிழமை அலைந்து கண்டுபிடித்தது குபோட்டா டி722. மூன்று சிலிண்டர், 719 சிசி, தண்ணீரில் குளிரும் டீசல். ஜப்பான் ஜெனரேட்டர் ஒன்றிலிருந்து கழற்றியது. வாங்குமுன் குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சூடாக்கும் பிளக்) துளைகளில் கேஜ் மாட்டி கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், பார்த்தேன். மூன்றும் 29 பாருக்குக் கிட்ட வந்தன, வித்தியாசம் பத்து வீதத்துக்குள். கடைக்காரர் கேஜ் மாட்ட விட்டதே எனக்குப் பெரிய நம்பிக்கை. வெறுமனே ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிற இடத்தில் வாங்காதீர்கள். சூடான எஞ்சின் எதையும் மறைக்கும்.

சுழலும் திசையை முதலில் பார்க்க வேண்டும். ஹைட்ரோலிக் பம்பு ஒரு திசைக்கென்றே செய்யப்பட்டது; மாறிச் சுழன்றால் சில நிமிடத்தில் ஷாஃப்ட் சீல் போய்விடும். நல்லவேளை, பழையதும் புதியதும் பம்பு பூட்டும் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசைதான்.

வலு குறையும் என்று மாமாவிடம் முன்கூட்டியே சொன்னேன். கணக்கு எளிது: நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்பதை எத்தனை பார் அழுத்தம் என்பதால் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாற்று. எங்கள் சின்னப் பம்பு ஒரு சுற்றுக்கு 12 சிசி. நிமிடத்துக்கு 3000 சுற்றில் 36 லீற்றர். 140 பாரில் அதற்கு மட்டும் 8.4 கிலோவாற்று வேண்டும். டி722 முழு வேகத்தில் தருவதே ஏறத்தாழ 14தான். ஆகவே நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டே மேட்டில் ஏற முடியாது. "நான் எப்ப அப்பிடி ஏறினனான்? எரிபொருள் குறைஞ்சாப் போதும்" என்றார் மாமா.

பழையதைக் கழற்றி இறக்க ஒரு பகல் போதுமாயிருந்தது. மச்சான் சங்கிலி பிளொக்கை இழுத்தான், நான் ஹோஸ் முனைகளை ஒவ்வொன்றாகக் கழுவி, பொலித்தீன் சுற்றி, இழைக்கயிற்றால் கட்டினேன். அந்த வேலையை அவசரப்படுத்தவில்லை. பம்புக்குள் பிஸ்டனுக்கும் துளைக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு சிட்டிகை தும்புச்சோறு உள்ளே போனால் எஞ்சினைவிடப் பெரிய செலவு.

இனிச் சொல்லப் போவதுதான் என் மூன்று சனிக்கிழமைகளைத் தின்றது.

ஜெனரேட்டர் எஞ்சின் என்பதால் ஃப்ளைவீலை (எஞ்சினின் கனத்த சுழல் சக்கரத்தை) மூடும் ஹவுசிங்கில் பம்பைப் பூட்ட இடமில்லை. நடுவில் ஒரு தட்டு வேண்டும். 16 மில்லிமீற்றர் இரும்புத் தகடு எடுத்து, அட்டையில் அச்செடுத்து, சென்டர் பஞ்ச் அடித்து நானே துளைத்தேன். போல்ட்கள் எல்லாம் போய் உட்கார்ந்தன. எஞ்சினையும் பம்பையும் இணைக்க, நடுவில் ரப்பர் நட்சத்திரம் வைத்த கப்ளிங். ஸ்டார்ட் பண்ணினோம், ஓடியது. ஒரு மெல்லிய முனகல் மட்டும் இருந்தது. பம்பின் சத்தம் என்று நினைத்தேன்.

நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு கீழே தட்டில் கறுப்புத் தூள். கப்ளிங்கின் ரப்பர் அரைந்து பாதியாகியிருந்தது.

தட்டைத் தூக்கிக்கொண்டு ஆமர் வீதிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பட்டறைக்கார நானா (அண்ணன்) அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல பம்ப எது இடத்துல வெக்குது?" என்று கேட்டார்.

"போல்ட்தான் நானா."

"போல்ட் இறுக்குறதுக்கு. இடம் காட்டுறதுக்கு இல்ல."

உடனே விளங்கிவிட்டது. 10 மில்லிமீற்றர் போல்டுக்கு நான் போட்டது 11 மில்லிமீற்றர் துளை. எந்தப் பக்கமும் அரை மில்லிமீற்றர் நகரலாம். பம்பின் முகத்தில் ஒரு வட்ட விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். எஸ்.ஏ.ஈ. என்ற தரத்தின் 'ஏ' அளவுப் பம்பில் அது 82.55 மில்லிமீற்றர். அது இருப்பதே துளைக்குள் பொருந்தி பம்பை நடுவில் நிறுத்தத்தான். நான் அந்தத் துளையை 85க்கு வெட்டி, அந்த விளிம்புக்கு வேலையே இல்லாமல் செய்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து, நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜின் காந்தக் காலை ஃப்ளைவீலில் ஒட்டி, முள்ளைத் தட்டின் துளைக்குள் தொடவைத்து, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். 0.9 மில்லிமீற்றர் ஆடியது. கேஜ் காட்டுவது இரட்டிப்பு, ஆகவே மையம் 0.45 விலகியிருந்தது. நிமிடத்துக்கு 3000 தடவை அந்த விலகலை ரப்பர் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்குமேல் விட்டிருந்தால் அடுத்து பம்பின் முன் பெயரிங்.

இரண்டாவது தட்டை நானா லேத்தில் வெட்டினார். ஹவுசிங்கில் உட்காரும் படியையும் பம்புத் துளையையும் லேத்தின் பிடியான சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் வெட்டினார். கழற்றித் திருப்பி மாட்டினால் இரண்டு வட்டங்களும் ஒரே மையத்தில் நிற்காது என்றார். பிறகு எஞ்சினில் பூட்டி, கேஜ் பார்த்து, தட்டி நகர்த்தி, சரியான இடத்தில் இறுக்கியபின், இடம் மாறாமல் நிறுத்தும் இரண்டு டவல் பின் அடித்தோம். இப்போது கழற்றிப் பூட்டினாலும் அதே இடத்துக்கு வரும். முள் 0.08 காட்டியது. கப்ளிங்கின் இரு பாதிக்கும் நடுவே 2 மில்லிமீற்றர் இடைவெளி விட்டேன். முட்டிக்கொண்டால் கிராங்க் ஷாஃப்ட் பம்பைத் தள்ளும்.

வயரிங் ஒரு மாலை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை ஜெனரேட்டருக்காக ஒரே வேகத்தில் பூட்டியிருந்ததால் லீவரை விடுவித்து அக்சிலரேட்டர் கேபிள் போட்டேன். குளோ பிளக் கொழும்பு வெயிலுக்கு ஐந்து செக்கன் போதும். ரேடியேட்டருக்கு முன்னால் கொசுவலைக் கம்பியில் ஒரு சட்டம், இரண்டு வண்ணத்துப்பூச்சி நட். கருவி இல்லாமலே கழற்றித் தட்டலாம். நாள் முடிவில் அதைக் கழற்றித் தட்டாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

முதல் ஸ்டார்டுக்கு முன் பம்பின் கேஸ் டிரெய்ன் (உறைக்குள் கசியும் ஒயில் வெளியேறும்) துளைவழியாக உள்ளே ஒயிலை ஊற்றி நிரப்ப வேண்டும். டாங்கியில் ஒயில் இருக்கிறது என்று நம்பி வெறும் பம்பைச் சுழற்றினால் முதல் நிமிடத்திலேயே உள்ளே உரசிவிடும். நான்கு சில்லையும் தரையிலிருந்து தூக்கி, எஞ்சினுக்கு டீசல் போகாதபடி ஸ்டொப் சொலனாய்டின் வயரைக் கழற்றிவைத்து, ஸ்டார்ட்டரால் மட்டும் சிறிது சிறிதாகச் சுழற்றினோம். பிறகுதான் எஞ்சினை உயிர்ப்பித்தோம். டாங்கியில் நுரை வந்து, பத்து நிமிடத்தில் அடங்கியது. அந்த முனகல் இல்லை. மாமா பெடலை மிதித்தார். நான்கு சில்லும் அந்தரத்தில் மெதுவாகச் சுழன்றன. மூவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இன்றோடு 38 மணி நேரம் ஓடியிருக்கிறது. முன்பு 3600ல் ஓடியதை 3000க்குக் குறைத்துவிட்டதால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவு. மணிக்கு ஐந்து லீற்றர் பெற்றோல் குடித்த இடத்தில் இப்போது மூன்றுக்கும் குறைவான டீசல். எஞ்சின் பாரம் கூடியது வாளிக்கு நல்லதாகப் போயிற்று. ஈர மண் அள்ளும்போது பின்சில்லு எழும்புவதில்லை. ஐட்லிங்கில் மட்டும் உடம்பு முழுக்க நடுங்குகிறது. அதற்குக் கொஞ்சம் மென்மையான மவுண்டிங் ரப்பர் தேடுகிறேன்.

கப்ளிங்குக்குக் கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துவைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்தேன்: தும்புச்சோறு இருந்தது, ஒரு துளி டீசல் இருந்தது, கறுப்புத் தூள் இல்லை. மத்தியானத்தில் ஹைட்ரோலிக் ஒயில் 80 பாகை தொடுகிறது. வரும் சனிக்கிழமை கூலர் பூட்ட வேண்டும்.