தவணை நடுவில் ஊருக்குப் போவதென்றால்: இங்கிலாந்தில் அனுமதியும் தண்டப்பணமும்

இங்கிலாந்தில் பெரிய விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கும். அப்போது ஊரில், இலங்கையில், ஆடி. யாரும் கலியாணம் வைக்கமாட்டார்கள். நத்தார் விடுமுறைக்குப் போகலாமென்றால் மார்கழி. தை பிறந்து நாள் வைக்கிற நேரம் இங்கே பள்ளிக்கூடம் திறந்திருக்கும். அதனால் ஊர்க் கலியாணம் என்றாலே பிள்ளைகளைத் தவணை நடுவில் கூட்டிக்கொண்டு போகவேண்டி வருகிறது.

நாள் பேசும்போதே சொல்லிவைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆவணி ஆகஸ்ட் 17 அளவில் பிறக்கும். பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் செப்டம்பர் முதல் கிழமைதான் திறக்கும். அந்த இடைவெளிக்குள் முகூர்த்தம் அமைந்தால் கீழே எழுதியிருப்பது எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. அடுத்தது வைகாசி. மே கடைசியில் ஒரு கிழமை அரைத்தவணை விடுமுறை வரும். அதோடு ஆசிரியர் பயிற்சி நாளும் ஒட்டிவந்தால் இன்னும் ஒரு நாள் கூடும். ஆனால் பயிற்சி நாள் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மாறும். மூத்தது செகண்டரி, இளையது பிரைமரி என்றால் இரண்டு நாட்காட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டும் சரிவராவிட்டால் பள்ளிக்கூட அதிபரிடம்தான் கேட்கவேண்டும். முன்பு அதிபர்கள் குடும்ப விடுமுறைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் வரை விடலாம் என்றிருந்தது. 2013 செப்டம்பரோடு அது போய்விட்டது. இப்போது 'விதிவிலக்கான சூழ்நிலை' என்றால் மட்டும்தான். மலிவு விமான ரிக்கற் அதற்குள் வராது; உல்லாசப் பயணமும் வராது. சொந்தச் சித்தியின் கலியாணம் வரலாம். 'வரலாம்' என்றுதான் சொல்லமுடியும், ஏனென்றால் தருவதும் எத்தனை நாள் தருவதும் அதிபர் கையில். ஒரே கலியாண அழைப்புக் காட்டுக்கு ஒரு பள்ளிக்கூடம் நாலு நாள் தரும், பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றும் தராது.

விண்ணப்பம் பயணத்துக்கு முன்பே போகவேண்டும். போய் வந்த பிறகு அனுமதி தர அதிபருக்கே அதிகாரம் இல்லை. பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அந்தப் பெற்றோர் கேட்கவேண்டும், பெரியப்பா கேட்டால் செல்லாது. எங்களுக்கு அனுமதி கிடைத்த கடிதங்கள் எல்லாம் அரைப் பக்கத்துக்குள் முடிந்தவை: யாருடைய கலியாணம், பிள்ளைக்கு என்ன முறை, எந்தத் தேதி, போக எத்தனை நாள், வர எத்தனை நாள், காட்டின் பிரதி, காட் தமிழில் இருந்தால் பக்கத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. ரிக்கற் எடுத்துவிட்டோம் என்பதைக் காரணமாக எழுதாதீர்கள். கலியாணத்துக்கு நாலு நாளும் திருகோணமலை பார்க்கப் பத்து நாளும் சேர்த்துக் கேட்டால் மொத்தத்தையும் மறுக்க நீங்களே வழி காட்டியதாகிவிடும். தேசியப் பரீட்சை வரும் மே மாதத்தில் இயர் 6 பிள்ளைக்கும் பரீட்சை நேரத்தில் இயர் 11 பிள்ளைக்கும் கேட்டுப் பயனில்லை.

அனுமதி இல்லாமல் போனால் கணக்கு இப்படி. ஒரு பள்ளி நாள் என்பது காலை ஒன்று, பின்னேரம் ஒன்று என இரண்டு அமர்வு. பத்துப் பள்ளி வாரத்துக்குள் அனுமதியற்ற பத்து அமர்வு சேர்ந்தால் கவுன்சிலிடமிருந்து தண்டச் சீட்டு வரலாம். அந்தப் பத்தும் தொடர்ச்சியாக இருக்கவேண்டியதில்லை. பலர் சறுக்குவது இங்கேதான். நாலு நாள்தானே, எட்டு அமர்வுதானே என்று போவார்கள். அதற்கு முந்தின மாதம் பதிவேடு மூடிய பிறகு பிள்ளை பிந்தி வந்த இரண்டு காலையும் அதே கணக்கில் ஏறி இருக்கும். எல்லைக்குக் கீழே நின்று அடிக்கடி போகிறார்கள் என்று தெரிந்தால் பத்து சேராமலும் சீட்டு அனுப்ப கவுன்சிலுக்கு இடமுண்டு.

2024 ஆகஸ்டிலிருந்து தொகை 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண், 28 நாளுக்குள் 160. இது ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு. தாய் தகப்பன், இரண்டு பிள்ளை என்றால் நாலு சீட்டு: 320 பவுண், பிந்தினால் 640. மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்காக அதே பெற்றோருக்கு இரண்டாவது சீட்டு வந்தால் சலுகை இல்லை, நேரே 160. மூன்றாவது தடவை சீட்டே வராது, வழக்குக்குப் போகலாம். வழக்கில் 1,000 பவுண் வரை தண்டம். தெரிந்தே அனுப்பாமல் விட்டதாக வைத்தால் 2,500 வரையும், சிறை வரையும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சீட்டுக்கு மேன்முறையீடு கிடையாது. பெயர், தேதி, அமர்வுக் கணக்கு பிழையென்றால் கவுன்சிலுக்கு எழுதி மீளப்பெறச் சொல்லலாம், அவ்வளவுதான். கட்டாமல் விட்டால் தண்டம் கட்டாத குற்றத்துக்கு அல்ல, பிள்ளையை அனுப்பாத குற்றத்துக்கே வழக்கு வரும். 'மற்ற நாளெல்லாம் ஒழுங்காக வந்த பிள்ளை' என்ற வாதத்தை 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பிளாட் வழக்கில் மூடிவிட்டது: ஒழுங்காக வருவது என்றால் பள்ளிக்கூட விதிப்படி வருவது.

காய்ச்சல் என்று போன் பண்ணிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எடுத்த படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போகும். அதற்கு முன் பிள்ளையே வகுப்பில் சொல்லிவிடும். அதன்பிறகு அந்த அதிபரிடம் உண்மையான காரணத்தோடு போனாலும் எடுபடாது.

செத்தவீடு என்றால் அநேகமான அதிபர்கள் சில நாள் தருவார்கள். அன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு விமானம் ஏறலாம். சிக்கல் 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டிதான். 31 வரை பிள்ளைகளோடு நின்றால் இருபதுக்கு மேல் பள்ளி நாள் போய்விடும். அனுமதியில்லாமல் தொடர்ந்து 20 பள்ளி நாள் வராமல், பள்ளிக்கூடமும் கவுன்சிலும் விசாரித்தும் முடிவு கிடைக்காவிட்டால் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுக்கலாம். இடத்துக்கு வரிசை நிற்கிற பள்ளிக்கூடமென்றால் அந்த இடம் திரும்பக் கிடைப்பது கஷ்டம். ஒருவர் அங்கே நின்று கிரியையை முடிக்க, மற்றவர் பிள்ளைகளோடு முதலே திரும்புவதுதான் நடக்கக்கூடியது. நிற்கத்தான் வேண்டுமென்றால் எங்கே இருக்கிறீர்கள், எந்தத் தேதி வருவீர்கள் என்று எழுத்தில் கொடுத்து, பள்ளிக்கூடம் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் பதில் போடுங்கள்.

இவ்வளவும் இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸுக்குத் தனிக் கணக்கு. ஸ்காட்லாந்தில் இந்தத் தண்டச் சீட்டு முறையே இல்லை.