எட்டுப் போட்டு வந்த அண்ணனும் 626 மீட்டர் கணவாயும்

ஸ்காட்லாந்தின் வடமுனையைக் கடலோரமாகச் சுற்றி வரும் என்.சி.500 பாதையில் ஐந்து பேர் பைக்கில் போவதென்று முடிவானது. இன்வர்னஸில் தொடங்கி அங்கேயே முடியும், மொத்தம் 830 கி.மீ. வாடகைக் கடைக்கு அனுப்புவதற்காக எல்லோருடைய லைசென்ஸையும் வாங்கிப் பார்த்தேன். அண்ணனுடையதில் கார் மட்டும்தான் இருந்தது. இருபது வருடமாகப் புல்லட் ஓட்டுகிறவர்! ஒரு போலீஸ்காரர்கூட இதுவரை அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

வேறு வழியில்லை. எல்.எல்.ஆர். எடுத்து, 30 நாள் காத்திருந்து, காலேஜ் பையன்களோடு வரிசையில் நின்று ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போட்டார். பாதியில் காலை ஊன்றிவிட்டார். ஃபெயில். அந்த வீடியோ எங்கள் குரூப்பில் ஒரு வாரம் ஓடியது, ஓட்டியதில் முதல் ஆள் நான்தான். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலமானால் காலி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை பாஸ்.

வேறு யாராவது கிளம்புவதாக இருந்தால் இந்த வரிசையைக் கவனியுங்கள். சுற்றுலா வருகிறவர்கள் தங்கள் ஊர் லைசென்ஸிலேயே 12 மாதம் வரை பிரிட்டனில் ஓட்டலாம். ஆனால் எங்கள் வாடகைக் கடைக்காரர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும் என்றார். அதற்கு ஆயிரம் ரூபாய் கட்டணம், ஒரு வருடம் செல்லும். விண்ணப்பிக்கும்போது விசாவையும் காட்ட வேண்டியிருந்ததால், விசா கைக்கு வரும்வரை அந்த வேலை நகரவில்லை. டெபாசிட்டை ஓட்டுகிறவர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில்தான் பிடிப்பார்களாம், வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு எடுபடவில்லை. கடையில் ஒரு மணி நேரம் வீணானது இதனால்தான்.

அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பழகிக்கொள்ள ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தோம். லோக்கேரன் ஊரைத் தாண்டியதும் அந்த நினைப்பு போனது. ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான் சாலை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஒதுங்கிடம், பக்கத்தில் பலகை. அது நம் இடது பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்க வேண்டும். வலது பக்கம் இருந்தால் அதற்கு நேரே நம் பக்கத்திலேயே நின்றுகொள்ள வேண்டும், எதிரே வருகிறவர் உள்ளே ஒதுங்கிப் போவார். தனியாளுக்கு இது சுலபம். ஐந்து பைக் ரயில் மாதிரி ஒட்டிப் போனால்? எதிரே வீடு மாதிரி ஒரு கேரவன் வேன் வந்தது. முன்னால் போன மூன்று பேர் ஒதுங்கிவிட்டார்கள், இடமில்லாமல் கடைசி இரண்டு பேர் சரிவில் வண்டியைக் காலால் பின்னுக்கு உருட்டினோம். அப்புறம் இரண்டு, மூன்று என்று பிரிந்து, ஐந்து நிமிட இடைவெளி விட்டுத்தான் போனோம்.

அடுத்தது பியாலக் ந பா. கேலிக் மொழியில் மாடுகளின் கணவாய் என்று பொருள். 1970-களில் கடலோரச் சாலை வரும்வரை ஆப்பிள்கிராஸ் கிராமத்துக்கு வண்டி போக இருந்தது இந்த ஒரே வழிதான். கடல் மட்டத்தில் தொடங்கி, சுமார் 9 கி.மீ.க்குள் 626 மீட்டர் ஏற்றிவிடுகிறது. பழகுநர்களும் பெரிய வண்டிகளும் வர வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள்.

உச்சி நெருங்கும்போது கொண்டை ஊசி வளைவுகள். இடது வளைவு ஒன்றில் உள் ஓரம் சுவர் மாதிரி செங்குத்து. மேலிருந்து ஒரு கார் இறங்குவதைப் பார்த்துவிட்டேன். கை தானாகக் கிளட்சை அழுத்தியது, கண் பள்ளத்துக்குப் போனது, எஞ்சின் இருமி நின்றது. இடது காலை ஊன்றினேன். தரை, நான் நினைத்ததைவிட ஒரு சாண் கீழே இருந்தது. இரண்டு பக்கமும் பெட்டி கட்டிய வண்டி அது, ஒரு தடவை சாய்ந்தால் பிடிக்க முடியாது. மெதுவாக, மிக மரியாதையாக என்னைக் கீழே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

காரை ஓட்டி வந்த அம்மாளும் சேர்ந்துதான் தூக்கிவிட்டார். கிளட்ச் லிவர் பாதியில் ஒடிந்திருந்தது. எனக்குப் பின்னால் நின்றிருந்த அண்ணன், “தம்பி, போற இடத்தைப் பாரு, பள்ளத்தைப் பார்க்காதே” என்று சொல்லிவிட்டு, முதல் கியரில் பின் பிரேக்கை லேசாகத் தொட்டபடி, கழுத்தை முழுதாகத் திருப்பி வளைவின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டே ஏறினார். கால் ஃபுட்ரெஸ்ட்டை விட்டு எழவேயில்லை. நானும் அப்படியே செய்து ஏறினேன். உச்சியில் மேகம் விலகிய இரண்டு நிமிடம், ராசே தீவும் அதற்குப் பின்னால் ஸ்கை தீவும் தெரிந்தன.

அன்று மாலை டாரிடன் பக்கம் காற்று நின்ற இடத்தில் லிவரைச் சரிபார்க்க நிறுத்தியதுதான் தப்பு. மிட்ஜ் என்கிற பூச்சி, மிளகுப்பொடியைத் தூவினாற்போல மொய்த்தது. ஹெல்மெட்டோடு நின்றே ஸ்பேனர் பிடித்தேன். மிச்சப் பயணம் முழுக்க அந்த அரை லிவரை இரண்டு விரலால் இழுத்துத்தான் ஓட்டினேன். வடகோடியில் இருக்கும் டர்னஸ் ஊர் வரை மேற்குக் கரை, வளைவும், செம்மறி ஆடும், கடலுமாக ஒவ்வொரு மைலும் வேலை வாங்கும். கிழக்கே சாலை அகலம், எழுத ஒன்றுமில்லை.

இன்வர்னஸில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் லிவரைத் தொட்டுப் பார்த்து, “எந்த வளைவு?” என்று மட்டும் கேட்டார். லிவருக்கான தொகையை டெபாசிட்டில் கழித்துக்கொண்டார். அண்ணன் அந்த ரசீதைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார், பழைய வீடியோவுக்கு நேர் கீழே.