விளக்கேற்றும் நேரம்

2018 அக்டோபர் 26, வெள்ளி

அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் யூதப் பெண்கள் குழுவின் முகநூல் பக்கத்தில், வாரந்தோறும் போடும் பதிவையே இன்றும் போட்டேன்: ஓய்வுநாளை வரவேற்க விளக்கேற்றும் நேரம், ஆறு மணியை ஒட்டி. அதற்குக் கீழே, சூப் கொண்டுபோக ஆள் தேவைப்படும் இரண்டு வீடுகள்.

நான் யூதப் பெண் அல்ல. பிட்ஸ்பர்கின் ஸ்குவிரல் ஹில் பகுதிக்குக் குடிவந்த வருடம் எனக்குப் பிரசவம். உதவிக்கு அம்மா வர முடியவில்லை. பெயர்கூடத் தெரியாத இந்தக் குழுப் பெண்கள் பதினைந்து நாள் முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பதிலுக்கு நான் என்ன செய்யட்டும் என்று கேட்டபோது, "கணினி தெரியுமா?" என்றார் குழுவின் மூத்தவர். அன்று முதல் பக்கம் என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் சனிக்கிழமை இருட்டும்வரை அதில் எதுவும் வராது. அது யூதர்களின் ஓய்வுநாள். அன்று என்னையும் வேலை செய்யச் சொல்ல மாட்டார்கள்.

அக்டோபர் 27, சனி, நள்ளிரவு

காலையிலிருந்து தூறல். பத்து மணிவாக்கில் சைரன் ஒலி ஓயவே இல்லை. வில்கின்ஸ் சாலையும் ஷேடி சாலையும் சந்திக்கும் முனையில் இருக்கும் 'ட்ரீ ஆஃப் லைஃப்' என்ற யூத ஜெபவீட்டில் துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்தது. அந்த ஒரு கட்டடத்தில் மூன்று சபைகள் கூடுகின்றன. வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று போலீஸ் அறிவித்தது.

குழுவிலுள்ள ஒன்பது பேருக்கும் அழைத்தேன். யாரும் எடுக்கவில்லை. ஓய்வுநாள், தொலைபேசிகள் அணைந்திருந்தன. உலகம் முழுக்கத் தெரிந்த செய்தி, நாலு தெரு தள்ளி இருப்பவர்களுக்குத் தெரியாது. உயிரைக் காக்க ஓய்வுநாளை மீறலாம் என்பது அவர்கள் சட்டம். அந்தத் தைரியத்தில், "வெளியே வராதீர்கள், வில்கின்ஸ் பக்கம் போகாதீர்கள்" என்று பக்கத்தில் ஒரு வரி போட்டேன். யார் படித்திருப்பார்கள் என்று தெரியாது.

தடை நீங்கியதும் மூத்தவர் வீட்டுக்கு நடந்தே போனேன். அவருக்கு அண்டைவீட்டார் வந்து சொல்லியிருந்தார்கள். கதவைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் பேசவில்லை.

இறந்தவர்கள் பதினொரு பேர். மாலையில் முர்ரே, ஃபோர்ப்ஸ் சாலைகள் சந்திக்கும் இடத்தில் பள்ளி மாணவர்கள் அழைத்த கூட்டம் நடந்தது. மழையில் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 28, ஞாயிறு

காலையில் பெயர்களை வெளியிட்டார்கள். தொண்ணூற்றேழு வயதுப் பாட்டி. வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்கும் அண்ணன் தம்பி. ஒரு கணவனும் மனைவியும்.

கொலைகாரன் உள்ளே நுழையச் சில நிமிடங்களுக்கு முன்பு 'கேப்' என்ற சமூக வலைத்தளத்தில் எழுதியிருக்கிறான். அகதிகளுக்கு உதவும் 'ஹயாஸ்' என்ற யூத அமைப்பின்மேல் அவனுக்கு ஆத்திரம். மூன்று சபைகளில் ஒன்று, போன வாரம்தான் அகதிகளுக்காக ஓய்வுநாள் வழிபாடு நடத்தியிருந்தது. நேற்று ஜெபவீடுகளில் வாசிக்க வேண்டிய பகுதி எது என்று பார்த்தேன். வேதத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில், கூடாரவாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம், முன்பின் அறியாத மூவரைக் கண்டு ஓடிப்போய் எதிர்கொண்டு அழைக்கும் இடம்.

மாலை அஞ்சலிக் கூட்டத்தில் இஸ்லாமிய மையத்தின் தலைவர் பேசினார். முஸ்லிம்கள் இணையவழி திரட்டிய தொகை அதற்குள் எழுபதாயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. உங்கள் அடுத்த வழிபாட்டுக்கு வெளியே காவல் நிற்க ஆள் வேண்டுமானாலும் சொல்லுங்கள், வருகிறோம் என்றார். அரங்கமே எழுந்து நின்றது.

அக்டோபர் 29, திங்கள்

நாற்பது பேர் பார்க்கும் பக்கத்துக்கு எங்கெங்கிருந்தோ செய்திகள் வந்து குவிகின்றன. அழுகிறவர்கள், பிரார்த்திக்கிறவர்கள், பேட்டி கேட்கும் நிருபர்கள். நடுநடுவே, இறந்தவர்களைப் பழிக்கும் நஞ்சு. அவற்றை வாசிக்கும்போது கை நடுங்கியது. ஒவ்வொன்றையும் படமெடுத்துச் சேமித்துவிட்டுத்தான் நீக்குகிறேன், போலீசுக்கு வேண்டியிருக்கும்.

என்ன எழுதுவது என்று பேச மூத்தவரின் சமையலறையில் கூடினோம். எல்லோருக்கும் நன்றி சொல்லி நீண்ட அறிக்கை எழுத வேண்டும் என்றார் ஒருவர். பதினொரு பேரின் படங்களையும் போட வேண்டும் என்றேன் நான். மூத்தவர் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "துக்க வீட்டுக்குப் போனால் நாம் முதலில் பேசக்கூடாது. துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். வேதத்தில், எல்லாம் இழந்த யோபுவோடு அவன் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் தப்பு செய்தார்கள்."

என் யோசனையை நானே விட்டுவிட்டேன். பக்கத்தில் மூன்றே செய்திகள் போயின: எந்த வீட்டுக்கு எப்போது உணவு வேண்டும் என்று கேட்க ஓர் எண், முதியவர்களை அழைத்துப்போக வண்டி, உறங்க முடியாதவர்கள் பேசுவதற்கான ஆலோசகர் எண். துக்க வீட்டு முகவரி எதுவும் போகவில்லை. கொலைகாரன் பெயரும் போகவில்லை.

அடக்கம் வரை உடல்களைத் தனியே விடக்கூடாது என்பது இவர்கள் மரபு. மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் தன்னார்வலர்கள் முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். வேதத்தின் சங்கீதப் பாடல்களை வாசித்துக்கொண்டு, இரவும் பகலும். எனக்குச் சாப்பாடு வந்ததும் இப்படி முறைவைத்துத்தான்.

அக்டோபர் 30, செவ்வாய்

அடக்கங்கள் தொடங்கின. அந்த அண்ணன் தம்பிக்கும் இன்றுதான். பிற்பகல் அதிபர் ட்ரம்ப் வந்தார். எதிர்ப்பு ஊர்வலமும் நடந்தது. பின்னூட்டங்களில் சண்டை மூண்டது. இரு பக்கத்தாரும் இந்த ஊர்க்காரர்கள் அல்ல. பின்னூட்டங்களை மூடிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை.

நவம்பர் 2, வெள்ளி

பிட்ஸ்பர்க் போஸ்ட் கெஸட் நாளிதழின் முதல் பக்கத் தலைப்பு இன்று எபிரேய எழுத்தில் இருந்தது: இறந்தோருக்காகச் சொல்லும் காதிஷ் ஜெபத்தின் முதல் சொற்கள். அந்த ஜெபத்தில் மரணம் என்ற சொல்லே வராது, முழுக்கக் கடவுளைப் போற்றும் வரிகள்தான் என்று மூத்தவர் சொன்னார். இன்று கடைசி அடக்கம், தொண்ணூற்றேழு வயதுப் பாட்டிக்கு.

இந்த ஓய்வுநாளில் எந்த மதத்தவரும் ஜெபவீட்டுக்கு வாருங்கள் என்று சமூக வலைத்தளங்களில் ஓர் அழைப்பு பரவியிருக்கிறது. என்னையும் கூப்பிட்டார்கள். மாலை ஆறு மணிக்குச் சற்று முன், விளக்கேற்றும் நேரத்தைப் பதிவிட்டுவிட்டுக் கணினியை அணைத்தேன்.

நவம்பர் 3, சனி, இரவு

ஜெபவீட்டில் உட்கார இடமில்லை, சுவரோரம் நின்றேன். இந்த வாரப் பகுதி சாராளின் மரணம். ஆபிரகாம் அழுது புலம்பி எழுந்து, மனைவியைப் புதைக்க நிலம் கேட்டு அந்நியர்முன் நிற்கிறார். "நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாயிருக்கிறேன்" என்ற வரி வந்தபோது மூத்தவர் என் பக்கம் திரும்பி, புத்தகத்தை நானும் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்தார்.

நவம்பர் 4, ஞாயிறு

முடங்கியிருந்த கேப் தளம் இன்று மறுபடி வந்துவிட்டதாம். செய்தியைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது.

கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைத்தாயிற்று. மூத்தவர் அழைத்தார். அடுத்த வெள்ளி ஐந்து மணிக்கு முன்பே விளக்கேற்ற வேண்டும், பழைய நேரத்தை நினைத்து யாராவது தாமதித்துவிடுவார்கள், இப்போதே போட்டுவிடு என்றார். கூடவே இரண்டு வீடுகளுக்கு சூப். போட்டேன். பின்னூட்டத்தைத் திறந்தும் விட்டேன். முதல் பதில் பத்து நிமிடத்தில் வந்தது: "இரண்டாவது வீட்டுக்கு நான் போகிறேன். உப்பு குறைவாகவா?"