"வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?"

நான்கு மாதங்களில் மூன்று மருத்துவர்கள் இதைக் கேட்டார்கள். மூவரிடமும் "இல்லை" என்றேன். பொய் சொல்லும் எண்ணமில்லை. மாதவிலக்கு ஒழுங்காக வரச் சாப்பிடும் மாத்திரையை எங்கள் வீட்டில் யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது பருப்பு டப்பாவுக்குப் பின்னால் அப்பா கண்ணில் படாமல் இருக்கும்.

காலையில் விரல்கள் மடங்கவில்லை. தேங்காய் துருவுவது அம்மா வேலையாயிற்று. கன்னங்களின் சிவப்பை வெயில் என்றார்கள். வலி மாத்திரையிலேயே மூன்று மாதம் போனது.

பெரிய மருத்துவமனைக்குப் போன முதல் நாள் முழுக்க வீண். தண்டையார்பேட்டையிலிருந்து ஆறரைக்கே கிளம்பியும், கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில் பிடித்துக்கொண்டது. சீட்டு போடுபவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மூட்டு வலி என்றதும் 'முடநீக்கியல்' என்று முத்திரை குத்திவிட்டார். பதினொன்றரைக்கு அங்கிருந்த மருத்துவர் என் கன்னத்தைப் பார்த்து, "இது எலும்புச் சமாச்சாரமில்லை, வாதநோய்ப் பிரிவுக்குப் போங்கள்" என்றார். சீட்டை மாற்றக் கேட்டால், "இன்றைக்கு நேரம் முடிந்தது." பிரிவின் பெயரை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். உடம்பு தன்னையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பட்டினி கிடந்து மயங்கி விழப் பார்த்தேன்.

வாதநோய் மருத்துவர் கேள்வியையே மாற்றிக் கேட்டார்: "மாதவிலக்குக்கு ஏதாவது?" அம்மா தரையைப் பார்த்தார். பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அட்டையின் பின்புறப் பொடி எழுத்தை வாசித்தார்: எதினைல் ஈஸ்ட்ராடியோல். இவ்வளவு நாளும் நான் விழுங்கியது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்.

எனக்கு வந்திருப்பது லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பணுக்கள் உடம்பையே தாக்கும் நோய். வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர். எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்களை ஈஸ்ட்ரோஜன் ஊக்குவிப்பது ஒரு காரணமாம். ஆனால் அது எப்போதும் அழற்சியைக் கூட்டும் என்றும் சொல்ல முடியாதாம். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் உள்ள பலருக்கு, ஈஸ்ட்ரோஜன் ஏறும் கர்ப்ப காலத்தில் வலி தணிந்து, பிரசவத்துக்குப் பின் திரும்புமாம். அப்படியானால் மாத்திரைதான் நோயைக் கொண்டுவந்ததா என்றேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். நோய் அடங்கியிருந்த பெண்களுக்கு இந்த வகை மாத்திரை லூபஸை அதிகம் கிளறவில்லை என்று 2005-இல் வந்த ஆய்வே இருக்கிறதாம்.

எனக்கு வினை வேறு இடத்தில் இருந்தது. ரத்தத்தை உறையவைக்கக்கூடிய பாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளும் எனக்கு இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. ஈஸ்ட்ரோஜனும் உறைதலைக் கூட்டும் என்பதால் மாத்திரையை அன்றே நிறுத்தினார். பன்னிரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. ஒரே முடிவை வைத்து உறுதி செய்ய மாட்டார்களாம். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

லூபஸுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மாத்திரை தொடங்கினார்கள். அது கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதால் போன வாரம் கண் பரிசோதனை. அங்கேயும் அதே கேள்வி. நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "மாதவிலக்கு மாத்திரை சாப்பிட்டாள், நிறுத்தியாகிவிட்டது" என்றார். வரிசையில் இருந்த பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.