ஜூன் குறிப்புகள்: தம்பியும் ஆர்பக்கிளும்

ஜூன் 4

தம்பி இன்றும் சாப்பிட வெளியே வரவில்லை. தட்டை அறைக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 6

தூக்கம் பிடிக்கவில்லை. அந்தக் கால அமெரிக்கச் சிரிப்பு நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளின் பழைய ஊமைப் படங்களைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்', 1916. கீஸ்டோன் கம்பெனிக்காக அவரே இயக்கி, அவரே நடித்தது. புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி, கடற்கரையில் ஒரு வீடு. மேபல் நார்மண்ட் தூங்கிவிட்டாள். அவர் அவளைத் தொடுவதே இல்லை. அவருடைய நிழல் மட்டும் மெல்ல நகர்ந்து வந்து, குனிந்து, அவள் முகத்தில் முத்தமிட்டுவிட்டுப் போகிறது. விழுந்து புரண்டு சிரிக்க வைப்பதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். அதற்குள் இப்படி ஒரு ஷாட் வைக்க இவருக்கு எப்படித் தோன்றியது? அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

படங்களில் அவர் பெயர் 'ஃபேட்டி', அதாவது குண்டன். நேரில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காதாம். எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது என்பாராம்.

ஜூன் 7

தம்பியின் ஆபீஸுக்குப் போன் செய்தேன். அவன்மேல் நடக்கும் விசாரணையின் கோப்பு மேலே போயிருக்கிறதாம்.

ஜூன் 10

பகல் முழுக்க ஆர்பக்கிளின் வழக்கைப் படித்துக்கொண்டிருந்தேன். 1921 செப்டம்பர் 5, சான் பிரான்சிஸ்கோவில் செயின்ட் பிரான்சிஸ் ஓட்டல். விருந்துக்கு வந்த விர்ஜீனியா ராப்பே என்ற நடிகைக்கு உடம்பு முடியாமல் போகிறது. நாலு நாளில் இறந்துபோகிறாள். சிறுநீர்ப்பை கிழிந்து, வயிற்றுக்குள் சீழ் பிடித்து. அந்தச் சாவுக்குக் காரணம் என்று ஆர்பக்கிள் மேல் வழக்கு. முதலில் குற்றம் சாட்டிய பெண்மணியை அரசுத் தரப்பே சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. ஆனால் பத்திரிகைகள் அதற்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டன. அவளையும் விட்டுவைக்கவில்லை. செத்துப்போனவளின் நடத்தையைத் தோண்டித் தோண்டி எழுதினார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிந்தது.

முதல் விசாரணையில் ஜூரிகளில் 10 பேர் விடுதலை என்றார்கள், 2 பேர் ஒப்பவில்லை. இரண்டாவதில் 10 பேர் குற்றவாளி என்றார்கள், 2 பேர் ஒப்பவில்லை. அந்தத் தடவை அவரைக் கூண்டில் ஏற்றிப் பேசவே வைக்கவில்லை, அவருடைய வக்கீல்களுக்கு அவ்வளவு தைரியம். மூன்றாவது விசாரணை முடிந்தது 1922 ஏப்ரல் 12. ஜூரிகள் உள்ளே போய்ச் சில நிமிடங்களில் திரும்பிவிட்டார்கள். அந்த நேரத்திலும் பெரும்பகுதி ஒரு கடிதம் எழுதத்தான். 'ரோஸ்கோ ஆர்பக்கிளுக்கு விடுதலை மட்டும் போதாது, அவருக்குப் பெரும் அநீதி நடந்துவிட்டதாகக் கருதுகிறோம்.' இப்படி எழுதிக் கொடுத்தார்கள்!

ஆறே நாள். ஏப்ரல் 18-ஆம் தேதி, சினிமாத் தொழிலின் மானத்தைக் காப்பாற்ற வந்த வில் ஹேய்ஸ் அவர் படங்களைத் திரையிடக் கூடாது என்று தடை போட்டார்.

எழுந்துபோய்த் தம்பியின் கதவருகே நின்றேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. தட்டாமல் திரும்பிவிட்டேன். நாளைக்கே நல்லபடியாக உத்தரவு வந்தாலும், அதே மாடியில், அதே ஆட்களோடு, அதே நாற்காலியில் இவன் எப்படிப் போய் உட்காருவான்? எனக்கு இப்போது அதுதான் கவலை.

ஜூன் 11

அம்மாவிடம் கதையைச் சொன்னேன். "நம்ம கலைவாணருக்கு நடந்த மாதிரியா?" என்றாள். ஆமாம், கிட்டத்தட்ட. 1944-இல் ஒரு கொலை வழக்கில் கைது, 1947-இல் விடுதலை. ஆனால் கலைவாணர் திரும்பி வந்து ஊர் பார்க்க நடித்தார், 1952-இல் 'பணம்' படத்தை என்.எஸ்.கிருஷ்ணன் என்று சொந்தப் பெயர் போட்டு இயக்கினார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்போ இவனும் வந்துருவான்" என்றாள்.

ஜூன் 15

வெளியே வந்தான்! இரவு பதினொரு மணி இருக்கும். சோபாவின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். 1917-இல் எடுத்த 'கோனி ஐலண்ட்' ஓடிக்கொண்டிருந்தது. ஆர்பக்கிள் உடை மாற்ற வேண்டும். பேன்ட்டில் கை வைத்தவர் நிறுத்தி, கேமராவை நேராகப் பார்த்து, கொஞ்சம் மேலே தூக்கு என்று கையைக் காட்டுகிறார். கேமராவும் சொன்னபடி மேலே போகிறது. தம்பி சிரித்துவிட்டான். "அக்கா, இன்னொரு தரம் போடு" என்றான்.

பின்னாளில் சிரிக்காத முகத்துக்கே பேர்போன பஸ்டர் கீட்டனும் அதில் இருக்கிறார், குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிற கீட்டன். அவரைச் சினிமாவுக்குக் கொண்டுவந்ததே ஆர்பக்கிள்தான், அதே 1917-இல், 'தி புட்சர் பாய்' படத்தில்.

தோசை மூன்று சாப்பிட்டான்.

ஜூன் 16

எதிர்வீட்டு மாமி கேட்டிலேயே நின்று, "லீவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பதில் சொல்லப் பிடிக்கவில்லை. கதவு மறுபடியும் சாத்தியாயிற்று.

ஜூன் 21

1922 டிசம்பரிலேயே ஹேய்ஸ் தடையை எடுத்துவிட்டார். அதனால் என்ன? ஆர்பக்கிளின் முகம் திரையில் தெரியக் கூடாது. வில்லியம் குட்ரிச் என்ற பெயரில் இயக்கினார். அவருடைய அப்பா பெயர் வில்லியம் குட்ரிச் ஆர்பக்கிள். 1921-இல் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் என்று பாரமவுண்ட் ஒப்பந்தம் போட்ட மனிதர், அப்பா பெயருக்குப் பின்னால் நின்றுகொண்டு இரண்டு ரீல் படம் எடுத்தார். கீட்டன் கைவிடவில்லை. 'ஷெர்லாக் ஜூனியர்' படத்தை இயக்க அவரைத்தான் முதலில் கூப்பிட்டார். ஆனால் செட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தாராம், சரிப்பட்டு வரவில்லை என்று கீட்டனே பிற்காலத்தில் சொன்னார்.

1931-இல் ஆர்பக்கிள் இயக்கத்தில் நடித்த நடிகை லூயிஸ் ப்ரூக்ஸ் சொன்னதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. அந்தப் படத்தை இயக்க அவர் முயற்சியே செய்யவில்லையாம். செத்தவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். அந்த நிழலை யோசித்தவர். கேமராவுக்குக் கைகாட்டியவர்.

இதைத் தம்பியிடம் சொல்ல மாட்டேன்.

ஜூன் 24

போன் எடுக்கவில்லை.

ஜூன் 29

1933-இல் இதே நாள். அதற்கு முன் ஆர்பக்கிள் வார்னர் கம்பெனிக்காக ஆறு குறும்படங்களில் மறுபடியும் சொந்தப் பெயரோடும் முகத்தோடும் நடித்துவிட்டார். முழுநீளப் படத்துக்கும் ஒப்பந்தம் ஆகிவிட்டது. நியூயார்க்கில் மனைவியோடு முதலாமாண்டு திருமண நாளைக் கொண்டாடிவிட்டுப் படுத்தவர் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு. வயது 46.

46. தம்பிக்கு 34 ஆகிறது. நேரம் இருக்கிறது, நிறைய நேரம் இருக்கிறது.

ஜூலை 2

விசாரணை அதிகாரி மாறிவிட்டாராம். புதியவர் கோப்பை முதலிலிருந்து படிப்பாராம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தம்பிக்குத் தெரியும், காலையில் அவன்தான் போனை எடுத்தான். ஒன்றும் பேசாமல் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான். எங்கே போகிறான் என்று கேட்க வேண்டும்.