எந்தக் கப்பல்?

லண்டன் கோபுரத்துக்கு மனைவிக்கும் மகளுக்கும் மட்டும்தான் டிக்கெட் எடுத்தேன். ராணியின் கிரீடத்தைப் பார்க்க அவ்வளவு நீள வரிசையில் நிற்க என்னால் முடியாது என்று சாக்குச் சொல்லிவிட்டு வெளியே நின்றுகொண்டேன். உண்மையில் எனக்குச் சாலையின் எதிர்ப்பக்கம் டிரினிட்டி ஸ்கொயர் தோட்டத்தில் ஒரு வேலை இருந்தது. டவர் ஹில் ரயில் நிலையத்திலிருந்து இரண்டு நிமிட நடைதான். ஆனால் கோபுரம் பார்க்க வந்த கூட்டத்தில் யாரும் இந்தப் பக்கம் தலையைத் திருப்பியதாகத் தெரியவில்லை.

வணிகக் கப்பல் மாலுமிகளின் நினைவிடம் அது. இவர்கள் கடற்படைக்காரர்கள் இல்லை. கோதுமையும் எண்ணெயும் நிலக்கரியும் ஏற்றிவந்த கப்பல்களில் சமையல் செய்தவர்கள், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள், தளம் கழுவியவர்கள். இரண்டு உலகப் போர்களிலும் செத்து, புதைக்க உடல்கூடக் கிடைக்காதவர்கள். நான் தூத்துக்குடிக்காரன். தோணியில் போனவர் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு. அதனால்தானோ என்னவோ, கிரீடத்தைவிட இது என்னை இழுத்தது.

சாலையோரம் முதலில் வருவது முதல் உலகப் போருக்கான கல் மண்டபம். புது தில்லியை வடிவமைத்த அதே லுட்டியன்ஸ் செய்தது; 1928 டிசம்பர் 12 அன்று மேரி ராணி திறந்துவைத்தார். உள்ளே வெண்கலப் பலகைகளில் ஏறத்தாழ 12,000 பேர். அவ்வளவு பேரா என்று தோன்றும். 1914இல் சென்னையைச் சுட்ட எம்டனை நமக்குத் தெரியும்; அதன் கேப்டன் வங்காள விரிகுடாவில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை மறித்தபோது, ஆட்களை முதலில் இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடித்தார். அந்த மரியாதையெல்லாம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1915இலேயே ஜெர்மன் நீர்மூழ்கிகள் முன்னறிவிப்பே இல்லாமல் அடிக்க ஆரம்பித்தன; 1917 பிப்ரவரி முதல் அதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை.

மண்டபத்துக்குப் பின்னால் படியிறங்கினால் ஒரு பள்ளத் தோட்டம். இரண்டாம் உலகப் போருக்காக எட்வர்ட் மாஃப் வடிவமைத்து, 1955 நவம்பர் 5 அன்று எலிசபெத் ராணி திறந்துவைத்தது. கீழே இறங்கியதும் பஸ் சத்தம் பாதியாகிவிடுகிறது. நான்கு புறச் சுவரிலும் வெண்கலப் பலகைகள். இங்கே ஏறத்தாழ 24,000 பெயர்கள்.

நான் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். எழுபது வயது தாண்டியிருக்கும். கோட்டில் சின்னதாக ஒரு வெள்ளி பேட்ஜ். "எந்தக் கப்பல்?" என்று கேட்டார். யாரைத் தேடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அதன் காரணம் பிறகுதான் புரிந்தது. இங்கே கப்பல்கள்தான் அகரவரிசையில் இருக்கின்றன. கப்பலின் பெயருக்குக் கீழேதான் அதில் இருந்தவர்கள். கப்பல் தெரியாவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது.

அவருடைய அப்பா கப்பலில் கரி தள்ளியவராம். அந்த பேட்ஜ் அப்பாவுடையது. வணிகக் கப்பல்காரர்களில் பலருக்குச் சீருடை கிடையாது. விடுமுறையில் சாதாரணச் சட்டையோடு தெருவில் நடந்தால், போருக்குப் பயந்து ஒளிந்த கோழை என்று நினைத்து வெள்ளை இறகைக் கையில் திணித்த ஆட்களும் இருந்தார்கள். 1940இல் இந்த பேட்ஜ் வந்தது, 'நானும் போரில்தான் இருக்கிறேன்' என்று காட்டிக்கொள்ள.

"கப்பல் மூழ்கிய நிமிடமே சம்பளமும் நின்றுவிடும், தெரியுமா?" என்றார். இதை நானும் படித்திருக்கிறேன். 1894ஆம் வருடச் சட்டப்படி அப்படித்தான். முதல் போரில் அது முழு உண்மை. 1925இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வேலை கிடைக்காத நாட்களுக்கு அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் உண்டு. 1941 மே மாதம் எல்லாரையும் ஒரே பட்டியலில் சேர்த்து, கப்பல் ஏறாத நாளுக்கும் கூலி கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆனால் படகில் மிதந்து உயிர் தப்பியவரின் மகனிடம் போய்ச் சட்டப்பிரிவு பேசுவதா? தலையை ஆட்டிக்கொண்டேன்.

என் கப்பல் 'சிட்டி ஆஃப் பெனாரஸ்'. 1940 செப்டம்பர் 13 அன்று லிவர்பூலிலிருந்து கனடாவுக்குக் கிளம்பியது. குண்டுவீச்சிலிருந்து காப்பாற்ற அரசே அனுப்பிவைத்த 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள். காவலுக்கு வந்த போர்க்கப்பல் விலகிப்போனது 17ஆம் தேதி அதிகாலை. அன்று இரவே யு-48 நீர்மூழ்கி அடித்தது. அரைமணி நேரத்தில் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. 77 குழந்தைகள் இறந்தார்கள். 12ஆம் எண் உயிர்காப்புப் படகு மட்டும் 46 பேரோடு எட்டு நாள் அட்லாண்டிக்கில் அலைந்து, ஒரு விமானத்தின் கண்ணில் பட்டது. ஆறு சிறுவர்கள் அந்தப் படகில் இருந்தார்கள். இருந்தவர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள்.

லஸ்கர் என்றால் பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த நம் துணைக்கண்டத்து ஆட்கள். சில்ஹெட், சிட்டகாங், கோவா, பஞ்சாப் என்று பல ஊர்க்காரர்கள். அவர்களின் தலைவர் செராங். செராங்குக்குக் கீழே தண்டல். எங்கள் ஊர்த் தோணியை ஓட்டுபவரையும் தண்டல் என்றுதான் சொல்வோம், அந்தச் சொல்லை லண்டனில் நினைத்துக்கொள்வது வேடிக்கையாக இருந்தது. வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்துக்கு இவர்கள் சம்பளம் பக்கத்தில்கூட வராது. 1939இல் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் துறைமுகங்களிலேயே வேலைநிறுத்தம் செய்து, பலர் ஜெயிலுக்குப் போய், கொஞ்சம் கூட்டி வாங்கினார்கள்.

பெரியவர் நேராக 'சி' பலகைக்குக் கூட்டிப்போனார். பெனாரஸ் இருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலப் பெயர்கள். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தேன். செராங் இல்லை, தண்டல் இல்லை. இது எனக்கு முன்பே தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் விரல் கடைசிப் பெயரில் நின்றபோது ஒரு மாதிரி இருந்தது.

அந்தப் பெயர்கள் மும்பையில், இந்திய மாலுமிகள் இல்லத்தில் வைத்திருக்கும் ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. அதேபோல் இன்னொன்று சிட்டகாங் போர்க் கல்லறையில். அந்தப் போரில் இறந்த ஏறத்தாழ 6,000 இந்திய வணிக மாலுமிகள் அதில்தான். சுவரில் இருந்தால் வழியில் போகிறவன் படிப்பான். புத்தகத்தை யாராவது எடுத்துத் திறந்து காட்ட வேண்டும்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். பலகையை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். "அப்படியானால் ஒரே கப்பலை இரண்டு ஊரில் வைத்திருக்கிறார்கள்" என்றார். பிறகு பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். வரிசையாகக் கப்பல் பெயர்கள். தேடி வருகிறவர்களுக்கு உதவ அவரே பலகை எண்களைக் குறித்துவைத்திருக்கிறார். பெனாரஸ் என்ற வரிக்குப் பக்கத்தில் 'மும்பை' என்று எழுதினார். எழுத்துகளைச் சரிதானா என்று என்னிடம் காட்டிக் கேட்டுக்கொண்டார்.

அப்போது மகள் போன் செய்தாள். "அப்பா, வரிசை இன்னும் நகரவே இல்லை. பசிக்குது. ஏதாவது வாங்கிட்டு வாங்க."