ஒரே சுவிட்ச்

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். எந்தப் பிள்ளை எப்போது தண்ணீர் குடித்தது, எப்போது டயப்பர் நனைந்தது என்று அரை மணிக்கொரு தரம் பார்த்துக் குறிப்போம். நாலைந்து நாள் எழுதினால் பிள்ளையின் கணக்கு பிடிபடும். சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள் குடல் அசையத் தொடங்கும், அந்த நேரம் பார்த்து டாய்லெட்டில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது. எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

அந்த ஆறு வயதுப் பையனிடம் இந்தக் கணக்கு எடுபடவில்லை. காலை ஒன்பதரைக்கு வந்தால் மூன்று மணி வரை ஒரு சொட்டு விடமாட்டான். பேச்சு வராத பிள்ளை. வீட்டுக்குப் போனதும் டயப்பரை எடுத்து அம்மா கையில் கொடுப்பான். கட்டிவிட்டால் பீரோ ஓரமாகப் போய் நின்றபடியே போவான். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு வயிறு முட்டுவதே உறைக்காது. இவனுக்கோ வருவதும் தெரிகிறது, அடக்கவும் தெரிகிறது. அப்புறம் என்ன பிடிவாதம் என்று நானும் சலித்துக்கொண்டேன். பயமும் இருந்தது. அடக்கி அடக்கி மலம் இறுகி, போகும்போது வலித்துவிட்டால் பிள்ளை இன்னும் அடக்கும்.

கதவு, டிரவுசர், உட்காருவது, கழுவுவது என்று வரிசையாகப் படம் ஒட்டினோம். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவான், வாசல் வரை வருவான். லைட்டைப் போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான். ஃப்ளஷ் சத்தம்தான் காரணமென்று வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றிப் பார்த்தோம். ம்ஹூம்.

ஒருநாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. சாப்பாடு முடிந்து அவனைக் கை கழுவக் கூட்டிப்போன ஆயாம்மா, "மிஸ், சத்தம் போடாம வாங்க" என்று கையசைத்தார். அரையிருட்டில் பையன் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கமோடில் உட்கார்ந்திருந்தான்.

"அந்தக் காத்தாடி ஓடலைல்ல மிஸ், அதான்."

லைட்டுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் ஒரே சுவிட்ச். மூன்று மாதமாக அதைத் தட்டியது என் கைதான். என் நோட்டில் ஃபேனுக்குக் கட்டமே கிடையாது.

எலக்ட்ரீஷியன் வந்து ஒயரைப் பிரித்துக் கொடுத்தார். கால் ஊன்ற ஒரு ஸ்டூலும் போட்டோம், கால் தொங்கினால் சரியாக முக்க வராது.

பள்ளியில் ஆயிற்று, வீட்டில் ஆகவில்லை. அங்கே இந்தியன் டாய்லெட். இந்தப் பிள்ளைகளுக்கு இடம் மாறினால் வேலையே வேறு. முதலில் டயப்பர் கட்டிக்கொண்டு டாய்லெட்டுக்குள் நின்றான். பிறகு அதோடேயே குத்தவைத்தான். அப்புறம் அவன் அம்மா டயப்பரின் அடியில் சின்னதாக ஓட்டை வெட்டி, வாராவாரம் பெரிதாக்கிக்கொண்டே வந்தார். தீபாவளிக்குத் தொடங்கியது. கடைசியில் இடுப்புப் பட்டி மட்டும் மிச்சம், அதையும் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவான். பொங்கல் லீவில் ஒருநாள் அதைத் தானே அவிழ்த்துக் கதவுக் கொண்டியில் மாட்டிவிட்டுப் போனானாம்.